உன் செம்பொடியும் நான் அடைத்த காற்றும்

என் கைப்பிடித்து நடந்த பாப்பா, என் புவனாவுக்கு,

வரும் வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம். பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி எழுதிக் கொடுக்கலாம் என்று உன் அண்ணி சாந்தி சொன்னாள். நானும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'அன்பும் பண்பும் நிறைந்த' என்று ஆரம்பித்து, அங்கேயே நின்றுவிட்டேன். நான் சொல்ல வேண்டியது நாலு வரியில் அடங்கவில்லை. அதை மற்றவர்களும் படிக்கும்படிதான் சொல்ல வேண்டும். மற்றவர்கள் முன்னால்தானே உன்னைத் தலைகுனிய வைத்தேன்?

உன்னைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நான் கிள்ளானில் ஒரு காகித ஆலையில் பாய்லர் ஓட்டுகிறவன். நிலக்கரியை எரித்துத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அந்த நீராவியைக் காகிதம் காயும் உருளைகளுக்கு அனுப்புவது என் வேலை. நீ கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில், எரிபொருள் பிரிவில் இருந்தவள். உனக்கும் எனக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். உன்னைப் பெற்ற கையோடு அம்மா படுத்துவிட்டதால் உனக்குத் தலை பின்னியதும், பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டதும் நான்தான். இரண்டு பின்னலில் ஒன்று எப்போதும் மேலே ஏறிக்கொண்டு நிற்கும். ஒரு நாளாவது நீ குறை சொன்னாயா?

படித்துப் பெரிய ஆளான பிறகும் நம் பேச்சு நெருப்பைப் பற்றித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸில் நீ தங்கியிருந்த அறையிலிருந்து கொமுட்டர் ரயில் ஏறி வீட்டுக்கு வருவாய். வந்த கால் மணி நேரத்தில் உனக்கும் எனக்கும் கரி, புகை, சாம்பல் என்று பேச்சு ஓடும். "சோறு திங்கிற இடத்துல சாம்பல் பேச்சு வேணாம் லா, ரெண்டு பேரும் வெளியில போய்ப் பேசுங்க" என்று சாந்தி கரண்டியை ஆட்டுவாள். நாம் தட்டோடு வாசல்படிக்குப் போவோம்.

எங்கள் ஆலைக்கு வரும் கரியை நீதான் முதலில் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தாய். இந்தோனேசியாவின் கலிமந்தானிலிருந்து கப்பலில் வந்து, துறைமுகத்திலிருந்து லோரியில் வரும் கரி. மலிவான சரக்கு. பார்க்கக் கறுப்பாக இருந்தாலும் உள்ளே பாதி ஈரம். விரலால் அழுத்தினால் பொலபொலவென்று உதிரும். தணலாகவே கிடந்து, முழுதாக எரியாமலே சாம்பல் குழிக்குள் போய் விழும். சாம்பல் வெளுப்பாக இல்லாமல் கறுப்பாக வரும். எரியாத மிச்சம் கொஞ்சம் புகைபோக்கி வழியாக வெளியே போகும். பக்கத்துக் கம்பத்து வீடுகளில் துணி காயப்போடுகிறவர்கள் எங்களை என்ன திட்டுவார்கள் என்று உனக்குத் தெரியும்.

"இதுக்கு இரும்பு குடுக்கணும் அண்ணே" என்றாய் நீ. நான் சிரித்தேன். ரத்தசோகை வந்த பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்கிறாயே என்றேன்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வைத்துத்தான் எனக்குப் புரியவைத்தாய். "தீப்பிடிச்ச வீட்டுக்கு வரிசையா நின்னு தண்ணி வாளிய கை மாத்துவாங்க இல்ல? இரும்பு அந்த மாதிரி அண்ணே. ஆனா இங்க அணைக்கறதுக்கு இல்ல, எரியறதுக்கு. காத்துல இருக்கிற ஆக்சிஜன வாங்கி கரிக்குக் குடுக்கும். குடுத்துட்டு மறுபடியும் வாங்கும். சோம்பேறிக் கரி சீக்கிரம் பத்திக்கும், முழுசா எரியும்." வேறு உலோகங்களையும் சோதித்துப் பார்த்ததாகச் சொன்னாய். செம்பு இன்னும் நன்றாக வேலை செய்தது, ஆனால் புகையில் விஷம் சேர்க்கும் என்பதால் அதை விட்டுவிட்டாய். இரும்புதான் ஊருக்குத் தீங்கு செய்யாதது என்றாய்.

"கரி எரிக்கிறதையே நிறுத்தணும்னு எல்லாரும் பேசறாங்க, நீ கரிக்கு மருந்து தேடறியா?" என்று கேட்டேன். நீ இலையைப் பார்த்தபடி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நிறுத்தற நாள் வரட்டும் அண்ணே. அதுவரைக்கும் அரைகுறையா எரியற கரி யாரு நெஞ்சுல போய் உக்காருது?"

எங்கள் பாய்லரில் சோதனை செய்யலாம் என்று மேலாளர் லிம்மிடம் பேசியது நான்தான். லிம் நல்லவர், ஆனால் எதையும் சந்தேகப்படுகிறவர். நான் நச்சரித்ததால் நாலு நாள் கொடுத்தார். நீ செம்மண் நிறத்தில் மாவு போன்ற இரும்புப் பொடியை டிரம்களில் கொண்டுவந்து இறக்கினாய். தண்ணீரில் கரைத்து, அடுப்புக்குப் போகும் ரப்பர் பட்டையில் ஓடும் கரிமேல் தெளிக்கும்படி குழாய் பொருத்தினாய். எங்கள் ஆட்கள் அதற்கு 'மருந்து' என்று பெயர் வைத்தார்கள். பாய்லர் ரூம் சுவரில் நீ ஒரு தாளை ஒட்டினாய். மலாயிலும் தமிழிலும் எழுதியிருந்தாய். அதில் ஐந்தாவது வரிக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு: 'காற்றைக் குறைக்கக் கூடாது.'

வாயாலும் சொன்னாய். "காத்து பத்தலன்னா இரும்பு நமக்கே எதிரியாயிடும் அண்ணே. கை மாத்த ஆக்சிஜன் இல்லன்னா, சாம்பலோட சேர்ந்து அதை உருக்கிடும். கட்டி பிடிச்சுக்கும்."

முதல் நாள் எல்லாம் நன்றாக இருந்தது. சாம்பல் வெளுத்தது. நீ அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினாய். இரண்டாம் நாள் மாலையில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, முன்னேற்றம் இருந்தது, ஆனால் சின்ன முன்னேற்றம். லிம் தாளைப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு கஷ்டம்?" என்று மலாயில் கேட்டுவிட்டுப் போய்விட்டார். நீ இரும்புப் படிக்கட்டில் உட்கார்ந்தாய். தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாய். உன் பிரிவுத் தலைவர் இந்த முடிவைப் பார்த்துத்தான் உன் ஆராய்ச்சியைத் தொடரலாமா வேண்டாமா என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். நீ அழவில்லை. அழுதிருந்தால் நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பேன். நீ அழாததுதான் என்னை அந்தக் காரியம் செய்ய வைத்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை நீ வருவதற்கு முன்னால், அடுப்புக்குக் காற்று போகும் குழாயில் இருக்கும் கதவை, அந்த டேம்பரை, கொஞ்சம் மூடினேன், பாப்பா.

பாய்லர்காரனுக்கு இது பழைய தந்திரம். அதிகப்படியான காற்றைக் குறைத்தால் புகைபோக்கி வழியாக வீணாகும் சூடு குறையும். அதே கரியில் கூடுதல் நீராவி கிடைக்கும். உன் கணக்கு பெரிதாகத் தெரியும், லிம்மின் வாயை அடைத்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்சம்தானே என்று நினைத்தேன். உன் சிவப்புக் கோட்டுக்கு நேரே நின்றுகொண்டுதான் மூடினேன். ஆக்சிஜன் அளவு காட்டும் மீட்டர் பழுதாகிப் பல மாதம் ஆகியிருந்தது. அதனால் நான் செய்தது எந்தத் தாளிலும் பதியவில்லை.

மதியம் நீராவி ஏறியது. நீ ஓடி வந்து என் தோளைத் தட்டினாய். "அண்ணே, பாருங்க! பாருங்களேன்!" உன் முகத்தை அப்படிப் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது! நானும் சிரித்தேன்.

மூன்று மணி நேரம்தான். கரியைச் சுமந்து மெதுவாக நகரும் இரும்புச் சங்கிலித் தட்டு திக்கித் திணற ஆரம்பித்தது. கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்தேன். சாம்பல் பாகு மாதிரி உருகி, தட்டின் அகலத்துக்கும் ஒரே பாளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் டேம்பரைத் திறந்தேன். அதற்குள் சங்கிலி அறுந்துவிட்டது. பாய்லரை நிறுத்தினோம். ஆலை முழுக்க நின்றது. அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, உள்ளே இறங்கி, அந்தக் கட்டியை உளியும் சம்மட்டியுமாக உடைத்து எடுக்க எங்களுக்கு இரண்டு நாள் பிடித்தது.

லிம் தன் அறையில் எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். முதல் கேள்வி எனக்கு. "குணா, நீ எதையாவது மாத்தினியா?"

"இல்ல பாஸ். தாள்ல இருந்தபடிதான் ஓட்டினேன்."

நீ என் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பார்வையில் கோபம் இல்லை, பாப்பா. ஒரு கணக்கு சரியாக வராதபோது பார்ப்பாயே, அப்படிப் பார்த்தாய். பிறகு லிம்மிடம், "மருந்துதான் காரணமா இருக்கலாம் சார்" என்றாய். குரல் தெளிவாக இருந்தது. லிம் சொன்னதை எல்லாம் நின்று கேட்டாய். மன்னிப்புக் கேட்டாய். போகும்போது குப்பையாகக் குவித்திருந்த கட்டிகளில் ஒரு துண்டை எடுத்துப் பழைய பத்திரிகையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாய். நான் உன்னை ரயில் நிலையம்வரை கொண்டுவிடவில்லை. வேலை இருக்கிறது என்றேன்.

உன் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டார்கள். வெளியிலிருந்து வரும் எண்ணெய், தண்ணீர் மாதிரிகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலைக்கு உன்னை மாற்றினார்கள். நீ அதையும் ஒழுங்காகச் செய்தாய் என்று கேள்விப்பட்டேன். நீயாகச் சொல்லி நான் கேட்கவில்லை, நான்தான் உன் போனை எடுப்பதை விட்டுவிட்டேனே. மணி அடித்தால் சாந்தியிடம் நீட்டுவேன். "உங்க தங்கச்சி உங்களத்தான் கேக்கறா" என்பாள். குளிக்கப்போகிறேன் என்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் வாங்கிக்கொண்டேன். நாலு தீபாவளிக்கு நீ வந்தாய். சாந்தியிடம் முறுக்கு வாங்கித் தின்றுகொண்டே எனக்காகக் காத்திருப்பாய். நான் வந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துகொள்வேன். நாலு வருடத்தில் உன்னிடம் அந்த ஒரு வார்த்தைதான் பேசினேனா?

தப்புச் செய்தவன் நான். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டவனும் நான்தான். இதற்கு என்ன பெயர்?

கணையத்தில் புற்றுநோய் என்று நீ சொன்னபோது காலம் கடந்துவிட்டிருந்தது. மருத்துவமனையில் உனக்குப் பக்கத்தில் உட்காருவேன். ஒவ்வொரு நாளும் கார் நிறுத்துமிடத்தில் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். 'பாப்பா, அன்னிக்கு நான்தான்' என்று. உன் மெலிந்த கையைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். இந்த நிலையில் இருக்கிறவளிடம் இதைச் சொல்லி வருத்தப்படுத்தலாமா என்று ஒரு சாக்கு கிடைக்கும்.

கடைசி வாரத்தில் ஒரு மதியம். நீ கண்ணை மூடியிருந்தாய். தூங்குகிறாய் என்று நினைத்தேன். "அண்ணே" என்றாய். "காத்து நல்லா வருதா?"

வெக்கையாக இருக்கிறது போல என்று எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டினேன். "இப்ப வருதா பாப்பா?" என்று கேட்டேன். நீ லேசாகச் சிரித்தாய். மூன்றாம் நாள் போய்விட்டாய்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு, உன்னோடு வேலை செய்த ரேவதி கிள்ளானுக்கு வந்தாள். உன் மேசையில் இருந்ததையெல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, பின்கட்டில் வைத்துப் பெட்டியைத் திறந்தேன். உன் சால்வை, கண்ணாடிக் கூடு, கோப்பை. அடியில் பத்திரிகையில் சுற்றிய கனமான ஒன்று. பிரித்தேன். அந்தக் கட்டி. நேர்பாதியாக அறுத்து மெருகேற்றி வைத்திருந்தாய்.

"இத ஏன்மா வச்சிருந்தா?" என்று ரேவதியிடம் கேட்டேன்.

அவள் சாந்தி உள்ளே போகும்வரை காத்திருந்தாள். பிறகு அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். "உள்ள நிறத்தப் பாருங்க அண்ணே. போதுமான காத்துல எரிஞ்சிருந்தா இரும்பு சிவப்பாவோ பழுப்பாவோ இருக்கும். இது பச்சை கலந்த கறுப்பு. கண்ணாடி மாதிரி. காத்து இல்லாம வெந்தா மட்டும்தான் இப்படி வரும்."

"அவளுக்கு எப்ப தெரியும்?"

"அறுத்த அன்னிக்கே தெரியும். ரிப்போர்ட்ல எழுதுங்க அக்கா, மருந்து மேல தப்பு இல்லன்னு எழுதுங்கன்னு சண்டையே போட்டேன். அக்கா முடியாதுன்னுட்டாங்க."

"ஏன்?"

"'அந்த பாய்லர் ரூம்ல டேம்பர தொடறவங்க ஒரே ஆளுதான் ரேவதி'ன்னு சொன்னாங்க. அவ்ளோதான் சொன்னாங்க. பாய்லர் ஓட்டற உங்க சர்டிபிகேட் போயிடும்னு பயந்தாங்க."

பாப்பா, ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுத மாட்டாயே நீ. பள்ளியில் அறிவியல் சோதனையில் வந்த விடை புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்று அழுதுகொண்டே, வந்த விடையையே எழுதிவிட்டு வந்தவள். அப்படிப்பட்டவள் எனக்காக ஒரு அறிக்கையில் உண்மையை எழுதாமல் விட்டாய். அதற்குப் பிறகு நாலு வருடம் அந்தக் கல்லை மேசையில் வைத்துக்கொண்டு மற்றவர்களுடைய தண்ணீரைச் சோதித்துக்கொண்டிருந்தாய். ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, நான் சொல்வேனா என்று காத்திருந்தாய்.

ஆஸ்பத்திரியில் காற்று வருதா என்று கேட்டாயே, மின்விசிறியைத்தான் கேட்டாயா? இல்லை, எனக்குக் கடைசியாக ஒரு கதவைத் திறந்துவிட்டாயா? யாரிடம் போய் இதைக் கேட்பேன்?

அன்று சாயங்காலமே சாந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கடைசிவரை திரும்பாமலே கேட்டுவிட்டுச் சொன்னாள். "நாலு வருசமா அவ என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தா. அண்ணனுக்கு என்மேல என்ன கோவம் அண்ணின்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? வேலை அதிகம்மா, வேற ஒன்னும் இல்லன்னு சொன்னேன்." அதற்கப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, சட்டையைத் தேய்த்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள். "லிம்கிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள்.

லிம் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நாலு வருசம், குணா" என்றார். "அந்தப் பொண்ணோட பொடி குப்பைன்னு நான் எத்தனை பேர்கிட்ட சொன்னேன் தெரியுமா? வேற ஆலைக்காரங்க கேட்டப்பக்கூடச் சொன்னேன். அவங்களும் கதவ மூடிட்டாங்க. அதுக்கெல்லாம் இப்ப யாரு போய்ப் பதில் சொல்றது?" என்றார்.

"நான் சொல்றேன் பாஸ்" என்றேன்.

"முதல்ல எழுது. உன் பேர் போட்டு எழுது."

எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஷிப்ட் தலைவர் பொறுப்பிலிருந்து இறக்கினார்கள். எனக்குக் கீழே இருந்தவரிடம் இப்போது நான் உத்தரவு வாங்குகிறேன். இதைச் சொல்லி நான் ஏதோ தண்டனை அனுபவித்துவிட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. நீ பயந்த மாதிரி சர்டிபிகேட் போகவில்லை, அவ்வளவுதான். நாலு வருடத்துக்கு முன்பே நான் சொல்லியிருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும். இதற்காகவா உன்னை விட்டேன்?

லிம்மிடம் இன்னொன்றும் கேட்டேன். அடுத்த வருடம் எங்கள் பாய்லரை எரிவாயுவுக்கு மாற்றப்போகிறார்கள். கரி இனி வராது. அதற்கு முன்னால் உன் மருந்தை இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க விடுங்கள் என்றேன். கரியே போகப்போகும்போது இது எதற்கு என்றார். பக்கத்து நாடுகளில் செங்கல் சூளைகளும் சின்ன ஆலைகளும் இதே கரியை இன்னும் பல வருடம் எரிக்கப்போகின்றன என்று ரேவதி சொன்னதை அவரிடம் சொன்னேன். இரண்டு மாதம் யோசித்தார். பிறகு சரி என்றார்.

முதல் வேலையாக அந்த ஆக்சிஜன் மீட்டரைப் பழுது பார்க்க வைத்தேன். ரேவதி உன் அளவுகளையே வைத்துக்கொண்டு வந்தாள். அதே செம்பொடி. ஐந்து நாள் ஓட்டினோம். மூன்றாம் நாள் மதியம் நான் சாப்பிடப் போகவில்லை. கண்ணாடித் துவாரத்தின் முன்னாலேயே நின்றேன். உள்ளே கரி வெள்ளையாக, தகதகவென்று எரிந்தது. சாம்பல் உதிர்ந்து விழுந்தது. சங்கிலித் தட்டு அதன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அன்று நீ தட்டின தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், பாப்பா. பக்கத்தில் இருந்தவர்கள் புகையால் கண் கலங்குகிறது என்று நினைத்திருப்பார்கள்.

எல்லாம் அற்புதமாக முடிந்தது என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். நீ அதை நம்பவும் மாட்டாய். நாலாம் நாள் மழையில் நனைந்த கரி வந்தது. அங்கங்கே கைப்பிடி அளவில் கட்டி பிடித்தது. கம்பியால் தட்டியதும் உடைந்துவிட்டது. ரேவதி அதைக் குறித்துக்கொண்டிருந்தாள். "இதையும் எழுதணுமாம்மா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எழுதணும் அண்ணே" என்றாள். "எழுதும்மா, கொட்டை எழுத்துல எழுது" என்றேன். கடைசியில் வந்த முன்னேற்றம், அன்று இரண்டாம் நாள் மாலை நீ போட்ட கணக்கில் வந்ததற்குக் கிட்டத்தட்ட அதேதான். சின்ன முன்னேற்றம். உண்மையான முன்னேற்றம். நான் தொடாமல் விட்டிருந்தால் அதுவே போதுமானதாக இருந்திருக்கும் என்று உன் பிரிவுத் தலைவர் இப்போது சொல்கிறாராம்.

அதைக் கேட்ட அன்று நான் வேலைக்குப் போகவில்லை.

இப்போது செய்தி இதுதான். ரேவதி எழுதிய அறிக்கையில் முதல் பெயர் உன்னுடையது. அடுத்த மாதம் உங்கள் பல்கலைக்கழக மண்டபத்தில் அதைப் பற்றிப் பேசப்போகிறார்கள். பல ஆலைக்காரர்கள் வருகிறார்கள். உன் பொடி குப்பை என்று லிம் யார் யாரிடம் சொன்னாரோ, அவர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறார். பழைய சோதனை ஏன் கெட்டது என்று பாய்லர் ஓட்டினவர் வாயாலேயே சொன்னால் நல்லது என்று ரேவதி தயங்கித் தயங்கிக் கேட்டாள். நான் மேடையில் பேசியதே இல்லை என்பது உனக்குத் தெரியும். என் கல்யாணத்தில் நன்றி சொல்லக்கூட உன்னைத்தான் அனுப்பினேன். ஆனாலும் வருகிறேன் என்றேன். சாந்தியும் வருகிறாள். முன்வரிசையில் உட்காருவாளாம், நான் எதையாவது விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள.

என்ன பேசுவது என்று மலாயில் எழுதி வைத்திருக்கிறேன். நாலு தடவை எழுதிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வாக்கியம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'என் தங்கைக்காகத்தான் அப்படிச் செய்தேன்' என்று. அது பொய்யில்லை. ஆனால் இத்தனை வருடம் நான் ஒளிந்துகொண்டிருந்ததே அந்த வாக்கியத்துக்குப் பின்னால்தான். அதைச் சொன்னால் மண்டபத்தில் இருப்பவர்கள் என்னைப் பாசமுள்ள அண்ணன் என்று நினைப்பார்கள். உன் ஆராய்ச்சி போனதை விட்டுவிட்டு என் பாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போவார்கள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், பாப்பா. அன்று காற்றை அடைத்தது நான் என்று சொல்வேன். அடைக்காதே என்று நீ எழுதி வைத்திருந்தாய் என்று சொல்வேன். கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன் என்பதையும் சொல்வேன். உனக்காகச் செய்தேன் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

உன் பின்னலை ஒரு நாளும் சரியாகப் போடத் தெரியாத
உன் அண்ணன்,
குணசேகரன்
கிள்ளான்